முன் சீட்

"பாலைவனத்துல ஐஸா? யார்கிட்ட கதை விடுறீங்க பாய்? ஐஸு துபாய் சத்வா பஜார் ஃபலூதா கடையிலதான் கிடைக்கும்!"

சொல்லிவிட்டு அம்மையப்பன் தானே சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் வேண்டுமே என்று சந்தியாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. முதலாளி ஜோக்குக்குச் சிரிப்பது அவள் வேலையில் சேர்த்தியில்லை.

அமீரகத்தின் வட கோடியில், ராஸ் அல் கைமாவின் அந்தச் சின்ன விமானத் திடலில், நாலு பேர் உட்காரும் ஒற்றை என்ஜின் விமானம் ஒன்று நின்றது. எதிரே மலை. மலைமேல் ஜனவரி மாதத்து மேகம், துவைக்காத கம்பளி போலக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் மஸ்கட். மதியத்துக்குள் டெண்டர் கவரைக் கொண்டுபோய் நேரில் கொடுக்க வேண்டும். கம்பெனி பிரதிநிதி என்று அதில் சந்தியாவின் பெயர். நேற்றே பஸ்ஸில் போயிருக்கலாம். முதலாளி கையெழுத்துப் போடவே இன்று காலை ஆகிவிட்டது.

"மேகத்துக்குள்ள போனா இறக்கை மேல ஐஸ் படியும் சார்," என்றார் கேப்டன் ஜாபர் சாதிக். கீழக்கரைக்காரர், பொறுமைசாலி. "அதை உருக்குற வசதி இந்தச் சின்ன விமானத்துல கிடையாது. ஐஸ் ஏற ஏற, இறக்கை தூக்காது."

"வைப்பரைப் போடுங்க."

"அது கார் கண்ணாடிக்கு சார்."

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஐஸ் பிடிச்சா, என் சம்சாரம் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுவா. அது மாதிரி என்ஜினை..."

"ஆஃப் பண்ணினா நேரா கீழதான் சார்."

அம்மையப்பனின் முகம் இறுகியது. "உங்க ஓனர் என் தோஸ்து, தெரியுமில்ல? ஒரு போன் போட்டா கலாஸ். நாளையிலேருந்து கராமா ஓட்டல்ல பார்சல் கட்டுவீங்க."

கேப்டன் மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வெற்றியோடு அம்மையப்பன் கறுப்புக் கண்ணாடியை மாட்டினார், லெதர் ஜாக்கெட்டின் காலரைத் தூக்கிவிட்டார், விமானத்தில் சாய்ந்தார்.

"ஒரு போட்டோ எடும்மா. இறக்கை தெரியணும். தொப்பை தெரியக் கூடாது."

எடுத்தாள். படம் அடுத்த நொடியே அவர் ஸ்டேட்டஸில் ஏறியது: 'மழையோ மலையோ, பறப்போம்!'

"என்னம்மா, உனக்கும் பயமா?"

"பயமாத்தான் இருக்கு சார்."

"படிச்சவங்களோட இதான் தொல்லை. லேபர் கேம்ப்லேருந்து ஒருத்தனைக் கூட்டிட்டு வந்திருந்தா, கேள்வியே கேக்காம ஏறியிருப்பான். நம்ம கம்பெனி ஒரு குடும்பம்மா. குடும்பத்துக்காக ஒரு ரிஸ்க் எடுக்கக் கூடாதா?"

சந்தியாவுக்குச் சுருக்கென்றது. அவள் அப்பா வேலுச்சாமி அப்படி ஒரு கேம்ப்பில் கிடந்து, கேள்வியே கேட்காமல் கட்டடச் சாரத்தில் ஏறி இறங்கித்தான் அவளை எஞ்சினியராக்கினார். நாக்கு நுனிவரை வந்த பதிலை விழுங்கினாள். அடுத்த மாதம் விசா புதுப்பிக்க வேண்டும். அந்தக் கையெழுத்தும் இந்த மனிதருடையதுதான்.

ஒரே ஒரு விஷயம்தான் அவளுக்குத் தைரியம் கொடுத்தது. அம்மையப்பன் தும்மல் வந்தாலே மூன்று டாக்டரைப் பார்ப்பவர். லிஃப்ட் லேசாகக் குலுங்கினால் இறங்கிப் படியேறுபவர். அப்பேர்ப்பட்ட ஆளே துணிந்து கிளம்புகிறார் என்றால், கேப்டன் சொல்வது கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். கவரை மார்போடு அணைத்துக்கொண்டு, உள்ளே ஏறுவதற்காக இறக்கைமேல் ஒரு காலை வைத்தாள்.

கேப்டன் அவளையே பார்த்தார். பிறகு அம்மையப்பனிடம் திரும்பினார்.

"சரி சார். மேகத்து ஓரம் வரைக்கும் போய்ப் பார்ப்போம். நீங்க முன் சீட்ல, என் பக்கத்துல உட்காருங்க. ஐஸ் படியுறதை உங்க கண்ணாலயே பாருங்க. நீங்க 'திருப்பு'ன்னா திருப்பிடறேன். யல்லா, ஏறுங்க."

அம்மையப்பன் இரண்டடி பின்னால் நகர்ந்தார். கறுப்புக் கண்ணாடி தானாக மூக்கில் இறங்கியது.

"நான் எங்க பாய் வர்றேன்? போட்டோ எடுக்கத்தானே வந்தேன்? எனக்குக் குடும்பம் இருக்குல்ல?"

சந்தியா இறக்கையிலிருந்து காலை எடுத்தாள். நேராக வந்து, டெண்டர் கவரை அவருடைய லெதர் ஜாக்கெட்டுக்குள் செருகி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடினாள்.

"போட்டோ பிரமாதமா வந்திருக்கு சார். டெண்டரையும் ஸ்டேட்டஸ்லயே போட்டுடுங்க."