விளைவுகளுக்கு நானே பொறுப்பு

மனைவியின் ஆபரேஷனுக்கு முன், “எந்த விளைவுக்கும் நானே பொறுப்பு” என்று கைப்பட எழுதித் தரச் சொன்னாள் நர்ஸ். மனைவி பிழைப்பது கஷ்டம் என்று இளவழகனாரிடம் மட்டும் டாக்டர் ரகசியமாகச் சொல்லியிருந்தார். முப்பது வருஷம் அகராதி அலுவலகத்தில் குப்பை கொட்டிய கை சும்மா இருக்குமா? ‘விளைவு: 1. பயன். 2. முடிவு. 3. விளைச்சல்’ என்று அது பாட்டுக்கு எழுதிவிட்டது.

“என்ன சார், பரீட்சையா எழுதறீங்க?”

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த மனைவி குமுதவல்லி சிரித்தாள். “எடுத்துக்காட்டு இல்லாம அவருக்கு எதுவும் புரியாதும்மா. அதுக்குத்தான் நான் உள்ளே போறேன்.”

அவர் வேறு தாள் வாங்கி, சொன்னபடியே எழுதி, வழக்கம்போல் இரண்டு முறை பிழை பார்த்து, கையெழுத்துப் போட்டார். அவளுக்குப் பதில் சொல்ல நிமிர்ந்தபோது ஆபரேஷன் தியேட்டர் கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.