பின்சீட்டுக் கண்ணாடி

அன்று காலையும் கண்ணாடியை என் முகத்துக்கு நேராகத் திருப்பிய பிறகுதான் அவர் பைக்கைக் கிளப்பினார்.

“பின்னாடி லாரி வந்தா?” என்றேன்.

“நீதான் ஊரைக் கூட்டுவியே!”

மதியம் கடையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

தேடித் தேடி உதிரிபாகம் சேர்த்து அவர் உயிர்கொடுத்த அந்தப் பழைய வண்டியை மனசில்லாமல் விற்றேன். வாங்கியவர் ஒரே வாரத்தில் தள்ளிக்கொண்டு வந்தார்.

“எவ்வளவு முறுக்கினாலும் கண்ணாடி திரும்பிக்குது அக்கா. ரோடு தெரியல, பின்சீட்டுதான் தெரியுது. என் பொண்டாட்டி ஏற மாட்டேங்கறா. நீங்களே வச்சுக்குங்க.”

எனக்கு ஓட்டத் தெரியாது. சில சாயங்காலங்களில் பின்சீட்டில் ஏறி உட்காருவேன். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடியில் ஓட்டுகிறவர் முகம் தெரிய வேண்டும், சுவர்தான் தெரிகிறது. காலியான முன்சீட்டின் ஸ்பிரிங் மட்டும் அவர் கனத்துக்கு அமுங்கியே இருக்கிறது.