விரலகல வளையம்

மூடக்கூடாத வட்டை மூடிவிட்டு, கோஹெய் டோக்கியோவின் அகிஹபாரா மின்பொருள் கடையொன்றில் நிற்கிறார். வீட்டுக் கணினிக்கென்று புதிதாய் வந்திருக்கும் நீல லேசர் வட்டு அது. நேற்று வீட்டுப் படங்கள் அத்தனையையும் அதில் ஏற்றியவர், பழக்க தோஷத்தில் ‘முடித்து மூடு’ என்பதையும் சமர்த்தாக அழுத்திவிட்டார். குழல்விளக்கில் சாய்த்துப் பார்த்தால், அவருடைய அறுபது வருட வாழ்க்கையும் நடுத்துளையைச் சுற்றி விரலகல வளையமாகத் தெரிகிறது. மிச்சமெல்லாம் வெறும் பளபளப்பு. பேத்தியின் படங்களுக்காக அவர் விட்டுவைத்த இடம் அது. வெளியே ஒலிபெருக்கி யாரையோ வா வா என்று அழைத்துக்கொண்டேயிருக்கிறது.

“இதுல இன்னும் ஏத்த முடியுமாம்மா?”

விற்பனைப் பெண் மிசாகோ பல்லிடுக்கில் காற்றை இழுக்கிறாள். “கொஞ்சம் சிரமங்க.”

அதற்கு அந்த ஊரில் ‘முடியாது’ என்று அர்த்தம்; அது அவருக்குத் தெரியும். தெரியாததுபோல் நிற்கிறார். “நாளைக்கு வந்தா சிரமம் குறையுமா?”

“யோசிச்சுப் பாக்கறோங்க.”

“என் மகளும் இதையேதான் சொல்றா. பேத்தி படம் அனுப்புன்னா, ஒரு வருஷமா யோசிக்கிறா.” சிரித்தபடி, இன்னொரு புது வட்டை எடுத்து மேசைமேல் வைக்கிறார்.

மிசாகோ அதன் மேல் கை வைக்கிறாள். கண்ணாடிக் கதவு திறந்து மூடுகிறது.

“மூடினதுல இனி ஏத்த முடியாதுங்க, ஐயா. இதையும் இப்ப வாங்காதீங்க. படம் வரட்டும்.”