ஒரு நிமிஷக் குழம்பு

உப்பளத்து வீட்டு வாசலில், மைக்ரோவேவ் ஓவன் கதவைத் திறந்துபோட்டபடி வெயிலில் உட்கார்ந்திருக்கிறது. தெருவுக்கே இதுதான் முதல் ஓவன். கலியபெருமாள் அதற்குள் கையை விட்டு, பெயின்ட் பெயர்ந்த இடங்களை உப்புத்தாளால் தேய்க்கிறான். படகுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை பெயின்ட் கொட்டாங்குச்சியில் பளபளக்கிறது. "உங்க வீட்டம்மாவுக்கு இன்னா மனசுடி! ஓடுற பொருள யாரு சும்மா தூக்கிக் குடுப்பாங்க?" என்கிறான். அவன் மனைவி அஞ்சலாட்சி படியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வேலை செய்கிற வீட்டில், போன வாரம், தான் கொண்டுபோன சங்கரா மீன் குழம்பை இதில் ஒரே ஒரு நிமிஷம் சுடவைத்தாள். வாடை போகும்வரை தேய் என்று அந்தம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். சாயங்காலம்வரை தேய்த்ததில் பெயின்ட்தான் போனது. "இனிமே இதுல நாங்க எப்படிச் சாப்பிடறது? நீயே எடுத்துட்டுப் போ" என்றாள் அந்தம்மா.

கலியபெருமாள் கீறல்கள்மேல் விரலை ஓட்டுகிறான். "எந்தக் கூறுகெட்டது கம்பி நாரைப் போட்டுத் தேய்ச்சுதோ!" அஞ்சலாட்சி தோலுரிந்த விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறாள். அவன் தலையை உள்ளே நுழைத்து மூச்சை ஆழமாக இழுக்கிறான். "ஒரு வாடை இல்ல பாரேன். எவ்ளோ சுத்தமா வச்சிருந்திருக்காங்க!"

"ஆமா, ரொம்பச் சுத்தமானவங்க" என்று சொல்லிவிட்டு, அவள் பெயின்ட் கொட்டாங்குச்சியை அவன் பக்கம் தள்ளுகிறாள்.