ஐந்தாவது சக்கரத்தின் சூடு

“நாலு சக்கரம்தானப்பா மாட்டுன? அப்புறம் ஏன் அஞ்சு காட்டுது?” டயர் கடைக்காரரிடம் என் மனைவி சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“அஞ்சாவது ஸ்டெப்னியா இருக்கும்க்கா.”

“இந்த வண்டியில ஏது ஸ்டெப்னி? கம்பெனிக்காரன் பஞ்சர் ஒட்டுற பசைதான் குடுத்தான்.”

எங்கள் மின்சாரக் காருக்கு வேறு கம்பெனி காரின் பழைய சக்கரங்களை மாட்டியிருந்தோம். சக்கரங்களின் காற்றையும் சூட்டையும் காட்டும் திரையில் ஐந்து சக்கரங்கள் தெரிந்தன. ஐந்தாவதுதான் அதிகச் சூடு.

“கழட்டிடுப்பா, வேணாம்” என்றேன். அவர் காரை ஜாக்கியில் தூக்கி நான்கையும் கழற்றினார். திரையில் நான்கு அணைந்தன. ஐந்தாவதன் சூடு மட்டும், ஓடுகிற சக்கரம்போல ஏறிக்கொண்டே போனது. கடைக்காரர் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். எழுந்ததும் எங்கள் காரோடு வந்த சக்கரங்களையே அவசரமாக மாட்டினார். “எடுத்துட்டுப் போயிடுங்கண்ணே” என்றார்.

இப்போது கார் வீட்டு வாசலில் நிற்கிறது. யாரும் ஓட்டவில்லை. இன்று காலை வரை ஐந்தாவது அப்படியே சூடாக இருந்தது.

என் மகளுக்கு இந்த வாரம் பிரசவம். ஆஸ்பத்திரி தூரம், எங்களுக்கு வேறு வண்டியும் இல்லை. இன்று காலை அவள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். உடனே ஐந்தாவதன் சூடு மெல்ல மெல்ல இறங்கியது, வர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதுபோல.

அவளை இந்தக் காரில் கூட்டிப்போகலாமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து பதில் போடுங்கள்.