மஞ்சள் கடவை

மழை விட்ட கொழும்புக் காலி வீதியில் வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. வெள்ளவத்தைச் சந்தியை நோக்கிக் கனகேந்திரன் காரோட்டுகிறார். கார் லைசன்ஸ் புதுப்பிக்கும்போது கண் பரிசோதனை எழுத்துகளை அவர் மனப்பாடமாக ஒப்புவித்தது, பக்கத்திலிருக்கும் மனைவி தவமலருக்கு மட்டுமே தெரியும். வீதியைக் கடக்க மஞ்சள் கடவையில் பள்ளிப் பிள்ளை ஒருத்தி இறங்குகிறாள். கார் வேகம் குறையவில்லை. “இஞ்சாருங்கோ, பிள்ளை வாறாள், பிரேக்கை அடியுங்கோ.” டயர் கிறீச்சிடுகிறது. பிள்ளையின் குடை பொனட்டில் உரசிக் கீழே விழுகிறது. அவள் அதை எடுக்காமலே ஓடுகிறாள். கனகேந்திரன் முன்கண்ணாடியை நோக்கிக் குனிந்து தேடுகிறார். “எங்கை பிள்ளை?” “போயிட்டாள்.” “நீ சொல்லுமட்டும் எனக்கு ஒண்டும் தெரியேல்லை, மலர்.” தவமலர் கை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துகிறாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பின்னால் ஹோர்ன்கள் அலறுகின்றன. சாவியை அவள் உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொள்கிறாள். அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.