வலது பக்கப் பை

எதிர் விளக்குக் கம்பத்தடியில் மத்தியானத்திலிருந்து ஒருவன் வீட்டையே பார்த்தபடி நின்றிருந்தான். வெயிலில் முகம் கலங்கித் தெரிந்தது. தையல்காரியின் கண் சட்டைக்குத்தான் முதலில் போகும். நீலக் கட்டம் போட்ட சட்டை. பை வலது பக்கம்.

"எந்த மகராசி தெச்சாளோ" என்று சிரித்தவள், மேசையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். கணவனுக்காக எடுத்த அதே நீலக் கட்டத் துணி, கத்திரி படாமல் விரிந்து கிடந்தது.

"அம்மா, அந்த ஆள் இன்னும் போகல" என்றாள் ஜன்னலோரம் மகள்.

"நிக்கட்டும் விடு. ரோடு என்ன நம்மளதா?" என்றான் கணவன்.

ஒரு கண் ஜன்னலிலும் ஒரு கண் ஊசியிலுமாகத் தைத்ததில், பை வலது பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.

"பிரிச்சு மாத்தித் தரேங்க."

"இருக்கட்டும்" என்று புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டான். "அவன் போயிட்டானான்னு பாத்துட்டு வரேன்."

கம்பத்தடியில் யாருமில்லை. கணவன் அங்கே போய் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தான். அவள் கையசைத்தாள். அவன் அசைக்கவில்லை.

மகள் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள்.

"அம்மா, அந்த ஆள் இன்னும் போகல."